அடுத்தவர் காலில் ஒரு நேர்ச்சை

ஜோசப்ராஜின் முட்டி வலி ஆகஸ்ட் மாதத்தில் மட்டும்தான் வரும். மற்ற மாதங்களில் அது எங்கே போய்த் தங்கும் என்று யாரும் கேட்டதில்லை. கடலூர் செம்மண்டலத்தில் அவர் வைத்திருந்த டைல்ஸ் கடையில், லோடு வரும் நாளில் ஆள் வரவில்லையென்றால் அவரே பெட்டி தூக்குவார். கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி ஓடிப் பரிமாறுவார். ஆனால் ஆடி முடிந்து, காவி உடுத்திய முதல் வேளாங்கண்ணிக் கூட்டம் மாதா சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு மஞ்சக்குப்பம் வழியாகத் தெற்கே போகிற அன்றைக்கு, சொல்லி வைத்தாற்போல வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

காரணம் இல்லாமல் இல்லை. கொரோனா இரண்டாவது அலையில் அவர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு குப்புறக் கிடந்தபோது, வெளியே வேப்பமரத்தடியில் நின்ற அவர் மனைவி பாத்திமா மேரி ஒரு நேர்ச்சை வைத்தாள். “இந்த மனுசன பொழைக்க வச்சுடு தாயே. கடலூர்லேர்ந்து ஒங்கோயிலுக்கு நடத்தியே கூட்டியாறேன்.” மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். மனுசன் பிழைத்தார், வீட்டுக்கு வந்தார், மூன்றாம் நாளே மீன் குழம்பில் உப்பில்லை என்றார். நடக்க வேண்டிய பங்கு வந்தபோதுதான் முட்டி வந்தது.

பொய் என்பது கோழி வளர்ப்பது மாதிரி. ஆகஸ்ட் தாண்டினாலும் தினமும் தீனி போட வேண்டும். பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் கோயிலே முழங்காலிடும்போது, ஜோசப்ராஜ் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், கோயிலைக் கட்டிக் கொடுத்தவர் மாதிரி. ராத்திரி பாத்திமா மேரி தைலம் தேய்த்துவிட்டால், வலிக்காத முட்டிக்கு முகத்தைச் சுளிக்க வேண்டும். சுளிப்பார். “அடுத்த வருசம் பாக்கலாம்” என்பார். அவளும் திட்டிக்கொண்டே தேய்ப்பாள். நாலு ஆகஸ்ட் இப்படியே கழிந்தன.

ஐந்தாவது வருடம் பாத்திமா மேரியின் தம்பி ஆரோக்கிய ஜெகன் புது வீடு கட்டினான். படுக்கையறையில் உட்கார்ந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். உட்கார்ந்தே சம்பாதித்த பாவத்துக்குப் பரிகாரமாக விடியற்காலையில் ஓடுவான். ஓடுவதோடு விட்டால் பரவாயில்லை. எங்கே ஓடினான், எவ்வளவு வேகம், இதயம் எப்படித் துடித்தது என்று தினமும் குடும்ப வாட்ஸப்பில் படம் போடுவான். சொந்தக்காரர்கள் எல்லாரும் கைகூப்பிய பொம்மையைப் போடுவார்கள்.

வீட்டு மந்திரிப்பு அன்றைக்கு, ஃபாதர் ஜெபம் தொடங்க எல்லாரும் முழங்காலிட்டார்கள். ஜெகன் எழுந்துபோய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தான்.

“மாமா, நீங்க இதுல குந்துங்க. வயசாவுது, முட்டி தாங்காது.”

பெண்டாட்டியின் தம்பி, அதுவும் இத்தனை பேர் முன்னால், வயசாகிறது என்று சொன்னால் எந்த மனிதனுக்குப் பொறுக்கும்? ஜெபம் முடிந்து பாயசம் வரும்வரை ஜோசப்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

“யாருக்குடா வயசு? நீ ஓடுறியே மாரத்தான்னு ஒண்ணு, அத நான் ஓடிக் காட்டறேன்.”

“ஃபுல்லா, ஹாஃபா மாமா?”

“ஹாஃப்னா எவ்ளோ?”

“இருவத்தோரு கிலோமீட்டர்.”

ஜோசப்ராஜ் தொண்டையில் முந்திரிப் பருப்பு ஒன்று நின்றது. “சரி. முதல்ல ஹாஃப்.”

“முட்டி?”

“முட்டிக்கு என்னா கேடு? கல்லு மாதிரி இருக்கு, பாருடா!” என்று புதுத் தரையில் வலது காலை ஓங்கி உதைத்தார். தரையும் அவர் கடை டைல்ஸ்தான், கீறல் விழவில்லை. வீடே சிரித்தது. சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தபோது, பாயசக் கரண்டியோடு எதிரே பாத்திமா மேரி நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. முட்டியைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

“முட்டி சரியாயிடுச்சா? மாதாவுக்குத் தோத்திரம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதோடு சரி. அதற்குப் பிறகு அவளாக நேர்ச்சையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. தோசை வந்தது, சுகர் மாத்திரை வந்தது, சட்டை இஸ்திரி ஆகி வந்தது. தைலப் பாட்டில் மட்டும் வரவில்லை. ராத்திரி ஜெபத்தில் ‘இவரு காலுக்காவ’ என்று ஒரு வரி இருக்கும், அதையும் எடுத்துவிட்டாள். ஜோசப்ராஜுக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. திட்டுகிற பெண்டாட்டியோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவர் அவர். திட்டாத பெண்டாட்டியோடு எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஓடி முடித்து அவள் முன்னால் போய் நின்றால் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? திட்டினாலும் போதும் என்றிருந்தது.

பயிற்சி தேவனாம்பட்டினம் பீச் ரோட்டில் தொடங்கியது. ஜெகன் செல்போனில் ஓர் அட்டவணை அனுப்பியிருந்தான். வேகமாக ஓடும் நாள், மெதுவாக ஓடும் நாள், ஓடாமல் ஓய்வெடுக்கும் நாள் என்று அதில் இருந்தது. ஓய்வெடுக்கும் நாள்களை ஜோசப்ராஜ் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தார்.

கடலூரில் தொப்பையுள்ள ஓர் ஆள் ஓடினால், நாய் துரத்தியிருக்க வேண்டும், இல்லை பஸ் போயிருக்க வேண்டும். ஆரோக்கியத்துக்காக ஓடுகிறார் என்று யாருக்கும் தோன்றாது. ஒரு பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, “ஏறுங்க சார், எங்க எறக்கி வுடணும்?” என்றார். வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டு போனார். கடைக்கு வரும் கொத்தனார் உத்திராபதி எதிரில் வந்தார்.

“என்னா மொதலாளி, சுகர் ஜாஸ்தியாயிடுச்சா?”

“இல்ல உத்திராபதி, மாரத்தான்.”

“அது சுகரவிட மோசமாச்சே” என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

ஓடி முடித்ததும் கடற்கரை டீக்கடையில் போண்டா சாப்பிட்டார் ஜோசப்ராஜ். ஓடியவனுக்குச் சக்தி வேண்டுமே. இரண்டு மாதத்தில் இளைத்தது அவருடைய பழைய கேன்வாஸ் ஷூ மட்டும்தான். ஆனாலும் ஒரு நாள் காலையில், எப்படி நடந்ததென்று அவருக்கே தெரியாது, கடற்கரையிலிருந்து வீடுவரை நிற்காமல் ஓடிவந்துவிட்டார். மூச்சு சீராக இருந்தது. காற்று முகத்தில் பட்டது. மனசு நிறைந்து போயிற்று. பள்ளிக்கூடத்துப் பையன் பரிசு வாங்கியதைச் சொல்ல ஓடிவருவது மாதிரி அடுப்படிக்கு ஓடினார்.

“இன்னைக்கு எங்கியும் நிக்காம ஓடியாந்தேன்.”

“குளிச்சிட்டு வாங்க. தோசை ஆறுது.”

அப்போதுதான் அவருக்கு அந்த அருமையான யோசனை வந்தது. வியாபாரிக்கு வருகிற யோசனை. “பாத்திமா, போட்டி புதுச்சத்திரத்துலேர்ந்து சிதம்பரம் வரைக்கும். வேளாங்கண்ணிக்கு நடந்து போற அதே ரோடுதான். அந்தத் தூரத்த ஒன் நேர்ச்சையில கழிச்சுக்கலாமில்ல?”

அவள் தோசைக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தாள். “மாதா என்ன சீட்டுக் கம்பெனியா, தவணைல கட்ட?”

ஆகா, திட்டிவிட்டாள் என்று ஒரு கணம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டு தோசையைத் திருப்பிப் போட்டாள். அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஜெகன் அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போய் ஒரு ஷூ வாங்க வைத்தான். பச்சையும் மஞ்சளுமாகக் கிளி மாதிரி இருந்தது. ஜோசப்ராஜ் அதை வாசனை பிடித்துப் பார்த்துவிட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“மாமா, தெனம் போட்டு ஓடிப் பழகணும். புது ஷூவோட போட்டியில ஓடக் கூடாது.”

“போடா. கிறிஸ்மசுக்கு எடுத்த சட்டைய நவம்பர்லியே போட்டுக் கிழிப்பாங்களா? நல்ல நாளுன்னு ஒண்ணு இருக்கில்ல?”

போட்டியை நடத்தியது ‘விடியல் நடை ஓட்ட நண்பர்கள்’ என்ற சங்கம். அதன் செயலாளர் தில்லைநாதன் கீரப்பாளையத்துக்காரர். நெல் விளைந்த பூமியை மனைகளாகப் பிரித்து விற்றுச் சோர்ந்து போனவர், இப்போது சமூக சேவையில் இறங்கியிருந்தார். ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் இல்லை, பந்தல்காரன் சும்மா இருப்பான் என்று கணக்குப் போட்டு அந்தத் தேதியைக் குறித்திருந்தார். வேளாங்கண்ணிக் கொடியேற்றச் சமயத்தில் அந்த ரோட்டில் என்ன நடக்கும் என்று எந்தக் கத்தோலிக்கக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். அவர் கேட்கவில்லை.

போட்டியன்று இருட்டு பிரியுமுன் புதுச்சத்திரத்தில் பனியன் கொடுத்தார்கள். “ஆரஞ்சு கலருன்னு சொன்னேன், இப்பிடி வந்துடுச்சு. நல்லாத்தான இருக்கு?” என்று தில்லைநாதன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஜோசப்ராஜ் பனியனைப் பிரித்துப் பார்த்தார். அசல் காவி. நாலு வருடமாக எந்த நிறத்தைக் கண்டால் முட்டியைப் பிடித்துக்கொண்டாரோ அதே நிறம். மாதா விடமாட்டாள் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே தலைவழியாக மாட்டினார். தொப்பையில் கொஞ்சம் இறுக்கியது.

கொடி அசைந்ததும் ஜெகன் காணாமல் போனான். கறுப்புக் கண்ணாடியும் தொடை தெரியும் டிரவுசருமாக மற்றவர்களும் போனார்கள். ஜோசப்ராஜ் கொஞ்ச தூரம் கௌரவமாக ஓடினார். அப்புறம் கிளி கொத்த ஆரம்பித்தது. முதலில் குதிகாலில், பிறகு சுண்டுவிரலில், பிறகு எங்கே கொத்தவில்லை என்று தேட வேண்டியிருந்தது. ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியவர் மறுபடி அதற்குள் காலை நுழைக்க மனமில்லாமல், இரண்டையும் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். தோளில் வியர்வைத் துண்டு. உடம்பில் காவி. வெறுங்கால். தெற்குப் பார்த்த முகம். கடைசி ஆள்களை ஏற்றிக்கொள்ள வந்த வேன் கொட்டாவி விட்டபடி அவர் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

பி.முட்லூரில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். யாத்திரை போகிறவர்களுக்காக ஊர் கூடிப் போடும் பந்தல். பிரியாணிக் கடை பாய் ஒருவர் நடு ரோட்டுக்கே வந்து மறித்தார்.

“வாங்க வாங்க. தனியா வறீங்களா? கூட்டம் முன்னாடி போயிடுச்சா? மோர் சாப்பிட்டுப் போங்க, வெயில் ஜாஸ்தி.”

ஜோசப்ராஜ் மாரத்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மூச்சு முட்டியது. “மா... மா...” என்பதற்கு மேல் வரவில்லை.

“மாதாதான, தெரியுதே! எல்லாம் நல்லபடியா நடக்கும். இந்தா, இவருக்கு ரெண்டு டம்ளரா குடுப்பா.”

மோர் கொடுத்தார்கள். சுண்டல் கொடுத்தார்கள். எலுமிச்சை சாதம் வேண்டாம் என்று தலையை ஆட்டியதற்கு, நேர்ச்சைக்காரர் கூச்சப்படுகிறார் என்று இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்கள். உலகத்தில் வேறு எந்த மாரத்தானிலும் ஓடுகிறவனை உட்கார வைத்து சாதம் போட்டிருக்க மாட்டார்கள். பாய் ஒரு மெழுகுவர்த்திக் கட்டை எடுத்து வந்தார். “எம் பொண்ணுக்காவ ஏத்திடுங்க, மாப்ள அமையணும்.” வாழைப்பழக் கடைக்காரர் ஒரு தென்னங்கன்றைக் கொண்டுவந்து கையில் திணித்தார். “போன வருசம் வேண்டிக்கிட்டது. கடைய வுட்டுட்டு போவ முடில.” மாதா பேரைச் சொல்லி நீட்டுவதை நடக்கிறவன் மறுக்கக் கூடாது. கத்தோலிக்க வீட்டில் பிறந்தவனுக்கு அது ரத்தத்தில் ஊறியது. ஒரு கையில் மெழுகுவர்த்தியும் மறு கையில் தென்னங்கன்றுமாக ஜோசப்ராஜ் மறுபடி ஓட முயன்றார். வேன் டிரைவர் கொட்டாவியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

ஊர் தாண்டியதும், ரோட்டோரக் கீற்று வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இவரைக் கண்டதும் ஓடிவந்தாள்.

“நில்லு சாமி. விடியக்காலம் ஒரு கூட்டம் போச்சு, நான் கஞ்சி வச்சிட்டு வர்றதுக்குள்ள தாண்டிட்டாங்க.” மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை அவள் அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே, விரல் நீளத்துக்கு மெல்லிய வெள்ளித் தகட்டில் வெட்டிய ஒரு கால் இருந்தது. “எம் பேரு இருசம்மா. எங்க வூட்டுக்காரரு சாரம் கட்டுற வேல. மேலேர்ந்து வுழுந்துட்டாரு. காலு எழும்பல. அவர வுட்டுட்டு நான் எங்கயும் நவுர முடில. இத மாதா காலாண்ட வச்சிடு சாமி. ஒங் கையாலியே வையி.”

இந்த முறை ஜோசப்ராஜுக்கு மூச்சு இருந்தது. மாரத்தான் என்ற சொல்லை முழுசாகச் சொல்கிற அளவுக்கு இருந்தது. நான் யாத்திரைக்காரன் இல்லை அம்மா, மச்சானோடு பந்தயம் கட்டி ஓடுகிறவன் என்று சொல்லிவிட வாயெடுத்தார். வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த ஆள் தலையைத் தூக்கி இவரைப் பார்த்துக் கும்பிட்டான். அதற்குள் இருசம்மா குனிந்து, அவருடைய வலது முட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பாதத்தைத் தொட்டிருக்கலாம். தோளைத் தொட்டிருக்கலாம். அந்த முட்டியை ஏன் தொட்டாள்? ஜோசப்ராஜுக்கு அவமானமாக இருந்தது, அழுகை வந்தது. “வைக்கிறேம்மா” என்று சொல்லி முடிச்சை வாங்கிப் பனியனுக்குள் செருகிக்கொண்டு நடந்தார்.

நாலு வருடமாக அவர் பெயர் சொல்லி அழைத்த வலி, வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் நேரில் வந்து சேர்ந்தது. வலது முட்டிதான். இல்லாத வலிக்கு நொண்டியது எவ்வளவு தப்பான நொண்டல் என்று இப்போதுதான் தெரிந்தது. நிஜமான வலிக்கு முகம் சுளிக்கவே தெம்பில்லை. வேன் பக்கத்தில் வந்தது. “ஏறிக்குங்க சார், டைம் முடிஞ்சிடுச்சு. சிதம்பரத்துல எல்லாத்தையும் பிரிச்சிட்டிருக்காங்க.” ஏறத்தான் நினைத்தார். ஒரு கால் படியில்கூட வைத்தார். தென்னங்கன்று கதவில் இடித்தது. நடக்கிறவன் என்று நம்பிக் கொடுத்ததை வேனில் ஏற்றுவதா என்று என்னவோ செய்தது. காலை எடுத்துக்கொண்டார்.

சிதம்பரம் வடக்கு வீதியில் அவர் போய்ச் சேர்ந்தபோது, எல்லைக் கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவு காற்றுப் போய்ப் படுத்திருந்தது. தில்லைநாதன் மேடையில் சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போட்டுக்கொண்டிருந்தார். பொங்கல் தீர்ந்திருந்தது. கழுத்தில் பதக்கத்தோடு ஜெகன் ஓடிவந்தான்.

“மாமா! என்ன மாமா இது, மாரத்தானுக்குப் போனீங்களா, மளிகைக்குப் போனீங்களா?” செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்தான். “ஒங்க பேருக்கு நேரா ஓட்டத்த முடிக்கலன்னு போட்டுட்டாங்க.”

ஜோசப்ராஜ் அவனைக் கண்டுகொள்ளவில்லை. மூடியிருந்த கடை ஒன்றின் நிழலில் பாத்திமா மேரி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தார். தோற்றுப் போன மனிதனுக்கு வரக்கூடாத உற்சாகம் அவருக்கு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி எல்லாம் பொருந்தி வருவதாகத் தோன்றியது.

“பாத்திமா, ரோட்ல எல்லாரும் என்னைய யாத்திரைக்காரன்னு நெனச்சிட்டாங்க. பாரு, என்னென்னா குடுத்திருக்காங்க. இத எப்பிடியும் சேக்கணும். ரெண்டு நாள் இங்க தங்கிட்டு, இப்பிடியே நடந்து போயிட்டு வந்துடறேன். ஒன் நேர்ச்சையும் தீந்துடும்.”

அவள் அந்த வெள்ளிக் காலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மறுபடி முடிச்சுப் போட்டு அவர் மடியில் வைத்தாள்.

“அது போன வருசமே தீந்துடுச்சு.”

“எது?”

“நேர்ச்ச. பெண்ணாடத்துல அக்கா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல, அக்கா வூட்டுக்குப் போவல. திருப்பாப்புலியூர் கூட்டத்தோட வேளாங்கண்ணிக்கு நடந்தேன். ஃபாதரக் கேட்டதுக்கு, நேந்தது நீ, நடக்க வேண்டியதும் நீதான், அடுத்தவங்க கால்ல நேந்துக்க யாருக்கும் உரிமை இல்லன்னு சொல்லிட்டாரு. தெனம் ராத்திரி போன் பண்ணி குக்கர் மூடி எங்க, நீலச் சட்ட எங்கன்னு கேட்டீங்களே, அப்பல்லாம் நான் ரோட்டோரமாப் படுத்துக் கெடந்தேன்.”

மேடையில் கைதட்டினார்கள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பீங்க.” அவள் குரல் உயரவில்லை. “நடந்தது எனக்குக் கஷ்டமில்லங்க. வழி பூரா ஒரு வேண்டுதலுதான். இவரு முட்டி சரியாவணும், இவரு முட்டி சரியாவணும்னு அத்தன மைல் கல்லுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். அப்பறம் ஜெகன் வூட்ல தரைய ஒதச்சிக் காட்டுனீங்க. வலிக்கவே வலிக்காத காலுக்காவ ஒருத்தி நடந்து வந்தாளேன்னு மாதா என்னையப் பாத்துச் சிரிச்சிருப்பா.”

வாழ்க்கையில் முதல் முறையாக ஜோசப்ராஜுக்குச் சமயத்துக்கு ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை. தப்புத்தான் என்று சொல்ல நினைத்தார். சொன்னால் அதுவும் பொய் மாதிரி கேட்கும் என்று தோன்றியது.

ஜெகன் முந்தின நாளே சிதம்பரத்தில் விட்டிருந்த காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தான். பாத்திமா மேரி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். “வாங்க. அதையெல்லாம் பின்னாடி வர்ற கூட்டத்துல யார்கிட்டியாவது குடுத்துடலாம், சேத்துடுவாங்க.” காரில் போய் உட்கார்ந்தாள். இவருக்காகக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சொன்ன மாதிரியே ஒரு கூட்டம் வந்தது. மூன்று சக்கர வண்டியில் மாதா சப்பரம், பின்னால் இருபது முப்பது பேர் காவியில். முன்னால் நடந்த பெரியம்மாவை எல்லாரும் சவரியம்மாள் என்று கூப்பிட்டார்கள். ஜோசப்ராஜ் எழுந்து நின்று மெழுகுவர்த்தியையும் கன்றையும் முடிச்சையும் நீட்டினார்.

“இத வேளாங்கண்ணியில சேத்துடணும்மா. மத்தவங்க குடுத்தது.”

“குடுங்க தம்பி, அதுக்கென்னா” என்று சவரியம்மாள் கையை நீட்டினாள். அதைவிடச் சுலபமாக ஒரு காரியம் உலகத்தில் முடியாது. கன்றைக் கொடுத்தார். மெழுகுவர்த்தியைக் கொடுத்தார். மஞ்சள் முடிச்சைப் பிடித்த கை மட்டும் திறக்கவில்லை. பெரியம்மா காத்திருந்தாள்.

“இருங்கம்மா, நானும் வரேன்” என்று மற்ற இரண்டையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

காரின் கண்ணாடி இறங்கியது. பாத்திமா மேரி அவரைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

“எங் கணக்குல சேக்காதீங்க. எனக்கு ஒண்ணும் பாக்கியில்ல.”

“தெரியும்.”

“சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. மத்தியானம் தாரு உருகும், ரோட்டோரம் மண்ணுல நடங்க. கொப்புளம் வந்தா ஒடைச்சிடாதீங்க, நான் ஒடச்சிட்டு அவதிப்பட்டேன். சீர்காழி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துல படுக்க எடம் குடுப்பாங்க, சொவத்தோரம் வேணாம், எறும்பு.” கண்ணாடி ஏறியது. பாதியில் நின்று மறுபடி இறங்கியது. “அறிவு கெட்ட மனுசன், அந்த ஷூவக் கழுத்துலேர்ந்து எடுத்துக் குடுங்க. மாதா முன்னாடி போயி செருப்ப மாட்டிக்கிட்டு நிப்பீங்களா?”

ஜோசப்ராஜ் ஷூவைக் கொடுத்தார். கார் கடலூர்ப் பக்கம் திரும்பிப் போனது.

கூட்டம் நகர்ந்தது. அவர் நொண்டிக்கொண்டே சப்பரத்துக்குப் பின்னால் நடந்தார். சவரியம்மாள் வேகத்தைக் குறைத்து அவர் பக்கத்தில் வந்தாள்.

“யாருக்குத் தம்பி நேர்ச்ச?”

“முட்லூர் தாண்டி இருசம்மான்னு ஒருத்தவங்கம்மா. அவுங்க வூட்டுக்காரருக்குக் காலு எழும்பல.”

“அவுங்க ஒங்களுக்கு என்னா ஆவணும்?”

ஜோசப்ராஜ் மஞ்சள் முடிச்சைப் பனியனுக்குள் செருகிக்கொண்டார்.

“ஒண்ணும் ஆவாதும்மா.”

பெரியம்மா தென்னங்கன்றை அவர் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.